19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க எட்சிங், லித்தோ படங்களை மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்டேட் சேலில் (வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் இடத்தில்) நாலு டாலருக்கு வாங்கியது, வாங்கிய வீட்டின் பரணில் முந்தையவர் விட்டுப்போனது, ஏலத் தளத்தில் கண்ணில் பட்டது என்று படம் எந்த வழியில் வந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். எட்சிங் என்பது உலோகத் தகட்டில் கீறி அச்சடித்த படம்; லித்தோ என்பது கல்லில் வரைந்து அச்சடித்தது.

படத்தின் கீழே 1886 என்று இருக்கிறது. இவ்வளவு பழையதற்கு நல்ல விலை இருக்குமே?

பழசு என்ற ஒன்றுக்காக யாரும் காசு கொடுப்பதில்லை. அச்சுப் படம் ஆரம்பத்திலிருந்தே பல பிரதிகள் போடுவதற்காக உருவானது. ஜார்ஜ் கேலப் பிங்கம் வரைந்த படகுக்காரர் ஓவியத்தைத் தாமஸ் டோனி தகட்டில் செதுக்க, அமெரிக்கன் ஆர்ட்-யூனியன் என்ற கலைச் சங்கம் 1847-இல் தன் உறுப்பினர்களுக்கு ஏறத்தாழ 10,000 பிரதிகள் அனுப்பியது. நியூயார்க்கின் கரியர் அண்டு ஐவ்ஸ் என்ற லித்தோ நிறுவனம் 7,000-க்கும் மேற்பட்ட தலைப்புகளை வெளியிட்டது. சிறிய படம் 15 முதல் 25 சென்ட். வீட்டுக்கு வீடு தொங்கிய சரக்கு அது.

ஆகவே படத்தின் பெயரை வைத்து விலை சொல்ல முடியாது. உங்கள் கையிலிருக்கும் அந்த ஒரு தாளுக்குத்தான் விலை. ஒரே தகட்டிலிருந்து வந்த இரண்டு பிரதிகளில் ஒன்று 60 டாலருக்கும் மற்றொன்று 6,000 டாலருக்கும் போகலாம். யார் செய்தது, எந்த அச்சு முறை, தகடோ கல்லோ எந்தக் கட்டத்தில் இருந்தபோது அடித்தது, தாள் இன்று எப்படி இருக்கிறது என்ற நான்கும் தெரியாமல் தொகை சொல்பவர் ஊகம்தான் சொல்கிறார்.

முதல் வேலை என்ன?

ஃபிரேமிலிருந்து வெளியே எடுப்பது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் படத்துக்கு யாராலும் ஒழுங்காக மதிப்பு சொல்ல முடியாது. ஓரத்தை மடித்திருக்கிறார்களா, அட்டையில் ஒட்டியிருக்கிறார்களா, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என எதுவும் தெரியாது.

மேசையில் சுத்தமான துணி விரித்து ஃபிரேமைக் கவிழ்த்து வையுங்கள். பின்னால் ஒட்டிய பழுப்புத் தாளில் கடைச் சீட்டு இருந்தால் முதலில் படமெடுங்கள். பிறகு ஆணிகளைக் குறடால் மெல்ல வளைத்து எடுங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தாலோ அட்டையோடு முழுதாக ஒட்டப்பட்டிருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிய்த்தால் மை கண்ணாடியோடு போகும், அல்லது தாள் நடுவில் இரண்டு பிளவாகும். அது தாள் பாதுகாப்பு நிபுணர் செய்ய வேண்டிய வேலை.

வெளியே வந்ததும் அளவெடுங்கள். உயரம் முதலில், அகலம் அடுத்து. எட்சிங் என்றால் தகட்டுத் தடத்தின் (தகடு தாளில் அழுந்திய பள்ளத்தின்) அளவு; லித்தோ என்றால் தலைப்பு வரி சேராமல் படத்தின் அளவு; இரண்டுக்கும் முழுத் தாளின் அளவும் தனியாக வேண்டும். கால் அங்குலம்கூட முக்கியம், ஏனென்றால் பல போலிகள் அளவில்தான் மாட்டிக்கொள்ளும். முன்பக்கம் முழுதாக, பின்பக்கம், பக்கவாட்டு வெளிச்சத்தில், ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, கையெழுத்தை மட்டும் நெருக்கத்தில் என்று ஐந்து படமெடுத்தால் எந்த மதிப்பீட்டாளருக்கும் போதும்.

இது எட்சிங்கா, லித்தோவா, வெறும் நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று போதும். முதலில் புள்ளிகளைத் தேடுங்கள். வானம், தோல் நிறம், மெல்லிய நிழல் ஆகிய இடங்களில் வரிசை பிசகாத புள்ளிக் கட்டம் தெரிந்தால் அது ஹாஃப்டோன், அதாவது புகைப்பட முறையில் எடுத்த நகல். நாலு நிறப் புள்ளிகள் சேர்ந்து சின்னச் சின்னப் பூப்போலத் தெரிந்தால் 20-ஆம் நூற்றாண்டு ஆஃப்செட் இயந்திர அச்சு. 1850-ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் படத்தில் இது இருந்தால் மேலே ஆராய வேண்டியதே இல்லை.

புள்ளி இல்லையென்றால் கோட்டைப் பாருங்கள். எட்சிங்கில் செப்புத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு இட்டு, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்க விடுவார்கள். அதனால் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே தடிமனில் ஓடி மொட்டையாக முடியும். விளிம்பு சற்றே சொரசொரப்பாக இருக்கும். உளியால் நேரடியாகச் செதுக்கிய தகடு என்றால் கோடு நடுவில் பருத்து, நுனியில் ஊசியாக மெலியும். அமிலம் இல்லாமல் ஊசியால் தகட்டை நேரடியாகக் கீறும் ட்ரைபாயிண்டில் கோட்டின் பக்கத்தில் வெல்வெட் போல மை படர்ந்திருக்கும். கீறும்போது எழும்பும் உலோகப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. இருபது முப்பது பிரதிகளுக்குள்ளேயே அந்தப் பிசிறு தேய்ந்துவிடும். ட்ரைபாயிண்டில் முந்திய பிரதிக்கும் பிந்திய பிரதிக்கும் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருப்பது இதனால்தான்.

இந்த மூன்றிலும் தகட்டை அழுத்தி அச்சடிப்பதால் படத்தைச் சுற்றித் தாளில் ஒரு பள்ளத் தடம் விழும். விரல் நுனியால் தடவினால் தெரியும். மை சற்று மேடாக நிற்கும். லித்தோவில் இரண்டும் இருக்காது. கல்லில் மெழுகுக் கட்டியால் வரைவதால் லென்ஸில் மணல் தூவியது போன்ற ஒழுங்கற்ற துகள்கள் தெரியும். மரச்செதுக்குப் படத்தில் கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கோடுகள் வெட்டியிருக்கும். பெரிய படமானால் நேர்கோடாக மெல்லிய வெள்ளை இணைப்புகளும் தெரியும். பாக்ஸ்வுட் மரம் சின்னத் துண்டுகளாகத்தான் கிடைக்கும். அவற்றைச் சேர்த்து முடுக்கிச் செதுக்கியதன் அடையாளம் அது.

எல்லோரையும் ஏமாற்றுவது ஃபோட்டோகிராவ்யூர், அதாவது புகைப்படத்தை வைத்துத் தகடு செய்து அடித்தது. அதிலும் தகட்டுத் தடம் உண்டு, மையும் அழகாக இறங்கியிருக்கும். ஆனால் கோட்டுக்குள்ளேயே பொடிப்பொடியான மணித்துகள் தெரியும், எல்லாக் கோடுகளும் ஒரே ஆழத்தில் இருக்கும். தடம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் 'ஒரிஜினல் எட்சிங்' என்று எழுதி விற்பவர்கள் ஏராளம்.

தாளுக்கு இன்னொரு சோதனை உண்டு. இருட்டறையில் புறஊதா விளக்கு காட்டுங்கள். பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் வெளுப்புச் சாயம் சேர்த்த தாள். அது ஏறத்தாழ 1950-க்குப் பிந்தியது. ஒளிராததால் மட்டும் பழசு என்று முடிவுகட்ட வேண்டாம்.

அடியில் உள்ள காப்புரிமை வரியை நம்பலாமா?

காலத்தை மதிப்பிட அருமையான தடயம். மாவட்ட நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் பதிந்ததாக நீட்டி முழக்கியிருந்தால் 1870-க்கு முந்திய பதிவு. வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகரிடம் பதிந்ததாக இருந்தால் அதற்குப் பிந்தியது, ஏனென்றால் அந்த ஆண்டுச் சட்டம்தான் பதிவை நூலகத்துக்கு மாற்றியது. 'காப்பிரைட்', ஆண்டு, பெயர் என்று சுருக்கமாக முடிந்தால் 1874-க்குப் பிறகு.

ஆனால் அது படத்தைப் பதிவு செய்த ஆண்டு. உங்கள் தாள் அச்சான ஆண்டு என்று அது சொல்லவில்லை. அதே தகட்டில் ஐம்பது ஆண்டு கழித்து அடித்த மறு அச்சிலும், போன வருடம் எடுத்த நகலிலும் அதே வரி அப்படியே வரும்.

கரியர் அண்டு ஐவ்ஸ் படம் கிடைத்திருக்கிறது. அசலா?

பெரும்பாலும் இல்லை என்று தொடங்குவதே நல்லது. இந்த நிறுவனத்தின் படங்களைக் காலண்டரிலும் தட்டிலும் வாழ்த்து அட்டையிலும் போடாத ஆளில்லை. டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனம் 1930-களிலிருந்து வெளியிட்ட காலண்டர்களில் வந்த நகல்களை வெட்டி ஃபிரேம் போட்டவர்களே கணக்கில்லாதவர்கள்.

நத்தேனியல் கரியர் 1830-களின் நடுவில் தொழில் தொடங்கினார். கணக்கு பார்க்க வந்த ஜேம்ஸ் மெரிட் ஐவ்ஸ் 1857-இல் கூட்டாளி ஆனார். கடை 1907-இல் மூடியது. எனவே 'என். கரியர்' என்று மட்டும் இருந்தால் 1857-க்கு முந்தியது. முகவரியும் உதவும். 152 நாசாவ் தெரு என்றால் 1872 வரை. 115 நாசாவ் தெரு என்றால் 1877 முதல் 1894 வரை. 1850-இல் பதிந்த படத்தில் 'கரியர் அண்டு ஐவ்ஸ்' பெயர் இருந்தால் பழைய கல்லைத் திருத்தி மறுபடி அடித்தது என்று பொருள். அதுவும் அசல்தான், முதல் வெளியீடு இல்லை, அவ்வளவே.

நிறத்தை லென்ஸில் பாருங்கள். கறுப்பில் அச்சடித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு நிறமாகத் தூரிகையால் தீட்டிய படங்கள் இவை. ஆகவே நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், ஓரத்தில் தேங்கிக் கரையாகக் காய்ந்திருக்கும், அழுத்தமான இடங்களில் கோந்தின் பளபளப்பு இருக்கும். கடைசிக் காலப் படங்களில் சில நிறத்தோடே அச்சானவை.

அடுத்தது அளவு. படப் பரப்பு சுமார் 9 க்கு 13 அங்குலத்துக்குள் இருந்தால் சிறிய ஃபோலியோ, 14 க்கு 20-ஐத் தாண்டினால் பெரிய ஃபோலியோ. கானிங்ஹாம் தொகுத்த பட்டியலிலும் கேல் பதிப்பகத்தின் பட்டியலிலும் தலைப்பு வாரியாக அளவு உண்டு. உங்கள் படம் அரை அங்குலம் மாறினாலே சந்தேகப்படுங்கள்.

அசலே என்றாலும் பொருள் விலையை மாற்றும். சிரிக்கும் குழந்தை, பெயர் எழுத இடம்விட்ட கல்லறை நினைவுப் படம், புனிதர், பூச்சாடி ஆகியவற்றின் சிறிய ஃபோலியோக்கள் பெரும்பாலும் 100 டாலரைத் தாண்டுவதில்லை. ரயில், பனிக்கால கிராமம், வேட்டை, கப்பல், மேற்கு நோக்கிய பயணம் இவற்றின் பெரிய ஃபோலியோக்களுக்குத்தான் போட்டி. ஜார்ஜ் டரி ஓவியத்தை வைத்து 1867-இல் வந்த நன்றியறிதல் நாள் பண்ணைக் காட்சி, ஆர்தர் டெய்ட்டின் ஓவியத்திலிருந்து 1861-இல் வந்த கரடி வேட்டை, ஃபேன்னி பால்மர் வரைந்த ரயில் காட்சிகள் ஆகியவை பல ஆயிரங்களுக்குப் போகும். அதற்கும் சுற்றிலும் முக்கால் அங்குலமாவது ஓரம் மிச்சமிருக்க வேண்டும். ஃபிரேமுக்குப் பொருந்தவில்லை என்று படம் வரைக்கும் கத்தரித்த பிரதியின் விலை பாதிக்கும் கீழே இறங்குவது சாதாரணம்.

ஆடுபான் பறவைப் படம்?

ஜான் ஜேம்ஸ் ஆடுபான் அமெரிக்கப் பறவைகளை வரைந்து வெளியிட்டவர். ஒரே பறவைக்கு நாலு பதிப்புகள். நாலுக்கும் நாலு விலை. 1827 முதல் 1838 வரை வந்த மூலப் பதிப்பில் 435 தகடுகள். முதல் பத்தை எடின்பரோவில் லிசார்ஸ் தொடங்கினார். மற்றவற்றை லண்டனில் ராபர்ட் ஹேவல் முடித்தார். எட்சிங்கும் அக்வாடிண்டும் (தகட்டில் நிழல் பரப்பை அமிலத்தால் உண்டாக்கும் முறை) சேர்த்துக் கையால் நிறம் தீட்டியவை. தாள் சுமார் 39 க்கு 26 அங்குலம், வெளிச்சத்தில் பிடித்தால் 'ஜே. வாட்மேன்' என்ற நீர்க்குறியும் ஆண்டும் தெரியும். சின்னப் பறவைகள் சில ஆயிரம் டாலரில் தொடங்கும். ஃபிளமிங்கோ போன்றவை லட்சத்தைத் தாண்டும். முழுத் தொகுப்பு 2010-இல் சோத்பீஸ் ஏலத்தில் 73 லட்சம் பவுண்டுக்கும், 2018-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 96 லட்சம் டாலருக்கும் போனது.

இரண்டாவது, 1840–44-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஜே. டி. போவன் கல்லச்சில் (லித்தோவில்) கொண்டுவந்த கைப்புத்தக அளவுப் பதிப்பு, 500 படங்கள். மூன்றாவது, நியூயார்க்கின் ஜூலியஸ் பீன் 1858–60-இல் வண்ணக் கல்லச்சில் தொடங்கி, உள்நாட்டுப் போரால் பாதியில் நின்றது. பெரிய தாள் என்பதால் இதை ஹேவல் என்று நினைத்து வாங்குபவர் உண்டு. தகட்டுத் தடம் இல்லாததே அடையாளம். நான்காவது 1971–72-இல் ஆம்ஸ்டர்டாமில் 250 தொகுப்புகளாக அச்சான நகல். தாள் கனமாக, அழகாக, பழைய மாதிரி இருக்கும். நீர்க்குறியில் 'ஜி. ஷுட் அண்டு ஸோனன்' பெயரும் ஆடுபானின் முதலெழுத்துகளும் இருக்கும். அதற்கும் ஒரு விலை உண்டு, ஆனால் நூறுகளில்.

1880-களின் பெரிய எட்சிங். கலைஞர் பென்சிலில் கையெழுத்து போட்டிருக்கிறார், ஓரத்தில் சின்னப் படம் ஒன்றும் இருக்கிறது. அபூர்வம்தானே?

எங்களுக்கு வரும் கேள்விகளில் அதிகமானது இது. பதில் பெரும்பாலும் ஏமாற்றம்.

நியூயார்க் எட்சிங் கிளப் 1877-இல் தொடங்கியது. ஜேம்ஸ் டி. ஸ்மில்லி, ஸ்வெய்ன் கிஃபர்ட், மருத்துவரான லீராய் யேல் மூவரும் முதல் கூட்டத்திலேயே ஒரு தகட்டைக் கீறி அச்சடித்துக் காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஃபிலடெல்ஃபியாவிலும் சங்கம் எழுந்தது. பாஸ்டனில் சில்வெஸ்டர் கோலர் நடத்திய 'அமெரிக்கன் ஆர்ட் ரிவ்யூ' 1879–81 காலத்தில் அசல் எட்சிங்குகளையே இதழோடு சேர்த்துக் கொடுத்தது. நடுத்தர வீடுகளில் எட்சிங் மாட்டுவது நாகரிகமானது.

வியாபாரிகள் விடுவார்களா? செப்புத் தகட்டின் மேல் மின்முறையில் மெல்லிய எஃகுப் பூச்சு ஏற்றினால் ஆயிரக்கணக்கில் அடிக்கலாம், தேயாது. கையால் கீறிய அபூர்வம் என்ற தோற்றம் மட்டும் வேண்டும். அதற்காகத்தான் பென்சில் கையெழுத்தும், கீழ் ஓரத்தில் 'ரிமார்க்' என்ற குட்டிப் படமும், ஜப்பான் தாளிலும் தோலிலும் பட்டுத் துணியிலும் அடித்த சிறப்புப் பிரதிகளும். ரிமார்க் உள்ளவை முதலில் அடித்தவை. அந்தப் படத்தை வழித்துவிட்டு மீதியை அடிப்பார்கள். ஆனால் 'முதலில் அடித்தவை' என்பதே நூறு, இருநூறு என்று போனால் அபூர்வம் எங்கிருந்து வரும்? 1890-களின் தொடக்கத்தில் சந்தை நிரம்பி வழிந்து விழுந்தது. அதற்குப் பின் முழுதாக எழவில்லை.

ஆடுமாடு மேயும் வயல், கடற்கரைச் சூரிய அஸ்தமனம், இன்னொருவர் ஓவியத்தைப் பார்த்துக் கீறியது போன்றவை கையெழுத்தோடு இருந்தாலும் இன்று சில பத்துகளிலிருந்து இருநூறு டாலருக்குள்தான் பெரும்பாலும் நிற்கின்றன. மாட்டியிருக்கும் ஓக் ஃபிரேம் படத்தைவிட அதிகம் பெறுவதும் நடக்கும்.

இதிலும் தேட வேண்டியவர்கள் உண்டு. மேரி நிம்மோ மோரன் அவர்களில் முதலிடம் பெறுபவர். 1881-இல் லண்டன் எட்சிங் சங்கத்தில் சேர்க்கப்பட்டபோது 'எம். என். மோரன்' என்று கையெழுத்திட்டவர் பெண் என்பது சங்கத்துக்கே தெரியாது. அவர் கணவர் தாமஸ் மோரன், ஸ்டீஃபன் பாரிஷ், சார்ல்ஸ் பிளாட், ஓட்டோ பேக்கர், ஜோசஃப் பென்னல் ஆகியோருக்கும் வாங்குபவர்கள் உண்டு. வின்ஸ்லோ ஹோமர் 1880-களில் தன் ஓவியங்களிலிருந்தே கீறிய பெரிய எட்சிங்குகள், குறிப்பாக 1887-இன் 'எய்ட் பெல்ஸ்', வேறு தளத்து விலை. அவர் தகடுகளிலிருந்து 20-ஆம் நூற்றாண்டில் எடுத்த மறு அச்சுகளும் சுற்றுகின்றன. கையெழுத்தையும் தாளையும் ஒப்பிடாமல் தொகை எழுதக் கூடாது.

விஸ்லர் எட்சிங் ஒன்று, ஆனால் ஓரமே இல்லாமல் வெட்டியிருக்கிறார்கள். பாழாகிவிட்டதா?

மற்றவர்களுக்குக் குறையாக இருப்பது ஜேம்ஸ் விஸ்லர் என்ற அமெரிக்க ஓவியருக்கு இலக்கணம். பின்னாளில் அவரே தகட்டுத் தடம் வரை தாளை வெட்டி, கீழே ஒரு சின்ன நாக்கை மட்டும் விட்டு, அதில் பென்சிலால் பட்டாம்பூச்சி அடையாளமும் 'இம்ப்' என்ற சொல்லும் எழுதுவார். தானே அச்சடித்தேன் என்பதற்கான குறிப்பு அது. அந்த நாக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அவர் படங்களில் நிலை எண் (தகட்டைத் திருத்திய எத்தனையாவது கட்டத்தில் அடித்தது என்ற எண்) இல்லாமல் பேச்சே இல்லை. ஒரே தகட்டை நாலு தடவை, பத்து தடவை திருத்தித் திருத்தி அடித்தவர். கென்னடியின் 1910 பட்டியல் எண்ணும், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் இணையப் பட்டியல் எண்ணும் இரண்டும் வேண்டும், நிலைக் கணக்கு அவற்றுக்குள் மாறும். 1880-இல் வெளியான 12 வெனிஸ் படங்களில் இரவுக் காட்சியை எடுத்துக்கொண்டால், தகட்டில் துடைக்காமல் விட்ட மைப் படலம்தான் இருட்டு. அதனால் ஒரு பிரதியில் அந்தி, இன்னொன்றில் நள்ளிரவு, விலையும் அப்படியே.

அதே காலத்து அமெரிக்க ஓவியர் மேரி கசாட் 1890–91-இல் செய்த பத்து வண்ணப் படங்கள் தலா 25 பிரதிகள்தான். அவை பரணில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவருடைய கறுப்பு ட்ரைபாயிண்டுகளின் தேய்ந்த மறு அச்சுகள்தான் கண்ணில் படும். கோட்டில் வெல்வெட் இல்லாமல் முள்ளாக நிற்கும்.

'ஹார்பர்ஸ் வீக்லி'யில் வந்த ஹோமர் படங்கள்?

இந்த வாராந்தர இதழுக்காக வின்ஸ்லோ ஹோமர் வரைந்தவை இவை. அசல் மரச்செதுக்கு, பெரிய பெயர், குறைந்த விலை. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல இடமில்லை. வாராந்தரி ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது, அதனால் பெரும்பாலானவை 50 முதல் 300 டாலருக்குள். 1862 நவம்பர் 15 இதழின் மரத்தில் அமர்ந்த துப்பாக்கி வீரன், 1873 செப்டம்பர் 20 இதழில் இரட்டைப் பக்கத்தில் வந்த பள்ளிச் சிறுவர் விளையாட்டு போன்ற சில படங்கள் மட்டும் மேலே போகும். நிறம் தீட்டியிருந்தால் பிற்காலத்தில் யாரோ அழகுபடுத்தியது. இதழ் கறுப்பு வெள்ளையில்தான் வந்தது. நிறம் விலையைக் குறைக்கும். நடு மடிப்பும் தையல் துளையும் குறையல்ல.

கறைகளைச் சுத்தம் செய்துவிட்டுக் காட்டலாமா?

வேண்டாம். பிளீச்சில் ஊறவைத்த தாள் அன்றைக்கு வெள்ளையாக இருக்கும். அலசாமல் நின்ற குளோரின் சில ஆண்டுகளில் தாளை நொறுக்கிவிடும், நீல நிறங்கள் முதலில் போகும். மெல்லிய சீனத் தாளை கனத்த தாளில் ஒட்டி அடித்த எட்சிங்குகளை நனைத்தால் மேல்தாள் குமிழ் விட்டுப் பிரியும். தோலில் அடித்தவை சுருண்டு திரும்பவே திரும்பாது. அனுபவமுள்ள கண் வெளுத்த தாளை உடனே கண்டுபிடிக்கும், ஓரத்தின் பழைய நிறமும் அச்சின் மேடும் காணாமல் போயிருப்பதால்.

குறைகளில் எது எவ்வளவு பாதிக்கும் என்பதற்குக் கணக்கு வாய்ப்பாடு இல்லை, வரிசை உண்டு. படத்துக்குள் நுழைந்த கிழிசலும், அட்டையில் முழுதாக ஒட்டியதும், வெட்டிய ஓரமும் மோசம். வெயிலில் வெளிறிய கைவண்ணத்துக்கு மருந்தே இல்லை. மவுண்ட் அட்டையின் அமிலம் சுற்றிலும் விட்ட பழுப்புக் கோடும், பின்னால் வைத்த மரப் பலகையின் முடிச்சு வடிவில் விழுந்த கறையும், சிதறிய பழுப்புப் புள்ளிகளும் நடுத்தரம்; நிபுணர் கையில் குறையும். ஆனால் 150 டாலர் படத்துக்கு 400 டாலர் சிகிச்சை செய்யலாமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஒருவர் 700 என்கிறார், இன்னொருவர் 1,600 என்கிறார். யார் சொல்வது சரி?

இருவருமே சரியாக இருக்கலாம். ஒரு படம் ஏலத்தில் சுத்தி விழும்போது 800 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் 25 சதவீதக் கூடுதல் சேர்த்து 1,000 கொடுக்கிறார். விற்றவர் 15 சதவீதக் கமிஷன் போக 680 வாங்குகிறார், அதிலும் படமெடுத்த செலவு போகும். அதே படம் கடையில் நல்ல மவுண்டோடு 1,600-க்குத் தொங்கும்.

காப்பீட்டுக்கு வேண்டியது கடை விலை, ஏனென்றால் தொலைந்தால் திரும்ப வாங்க வேண்டும். வரிக்கும் வாரிசுக் கணக்குக்கும் வேண்டியது நியாயச் சந்தை மதிப்பு. கட்டாயமில்லாத, விவரம் தெரிந்த இருவர் ஒத்துக்கொள்ளும் விலை என்று அமெரிக்க வரித்துறை அதை வரையறுக்கிறது. ஆர்ட்-யூனியன் கால அச்சுகள் ஒரே வீட்டில் நாற்பது இருந்தால் மொத்தத்தையும் ஒரே நாளில் சந்தையில் போட முடியாது என்பதற்கும் கழிவு உண்டு. காப்பீட்டுக்கு எழுதிய தொகையை வைத்துக்கொண்டு விற்கப் போனால் சண்டைதான் மிஞ்சும்.

விற்ற விலைகளை நானே பார்க்க முடியுமா?

முடியும், கேட்கும் விலையை விற்ற விலை என்று நினைக்காதவரை. ஆன்லைன் கடையில் மூன்று ஆண்டாக 2,400 என்று தொங்கும் படம் 2,400-க்கு விற்கவில்லை என்பதற்குத்தான் சாட்சி. ஏலத் தளங்களின் முடிவுப் பட்டியலில் அதே பட்டியல் எண், அதே நிலை, அதே அளவு, நெருக்கமான தாள்நிலை உள்ளவற்றைக் கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் எடுங்கள். விற்காமல் திரும்பிய லாட்டுகளையும் (ஏலப் பொருள்களையும்) குறியுங்கள். காட்டும் தொகையில் வாங்குபவர் கூடுதல் சேர்ந்திருக்கிறதா என்று தளத்துக்குத் தளம் மாறும். நியூயார்க்கின் ஸ்வான் போல அச்சுப் படங்களுக்கென்றே ஏலம் நடத்தும் இடத்தின் முடிவும், பண்ணைச் சாமான்களோடு சேர்த்து விற்ற ஊர் ஏலத்தின் முடிவும் ஒரே எடை அல்ல.

மதிப்பீட்டாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அச்சுப் படத்தில் தேர்ந்தவரா என்று முதலில் கேளுங்கள். எண்ணெய் ஓவியத்தில் புலியாக இருப்பவர் ரிமார்க்கைப் பார்த்து அசந்துவிடலாம். அப்ரெய்சர்ஸ் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா, அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் அப்ரெய்சர்ஸ், இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் அப்ரெய்சர்ஸ் மூன்றிலும் துறைவாரியாகத் தேடலாம். கட்டணம் மணிக்கணக்கிலோ படத்துக்கு இவ்வளவு என்றோ இருக்க வேண்டும். மதிப்பில் சதவீதம் கேட்பவரையும், மதிப்பைச் சொல்லிவிட்டு 'நானே வாங்கிக்கொள்கிறேன்' என்பவரையும் விட்டு விலகுங்கள். ஏல நிறுவனம் இலவசமாகச் சொல்லும் மதிப்பு விற்பதற்கான கணிப்பு. காப்பீட்டுக்கோ வரிக்கோ செல்லாது.

அருங்காட்சியகத்துக்கு நன்கொடை கொடுத்து வரிவிலக்கு கேட்பதானால் 5,000 டாலரைத் தாண்டும்போது தகுதியுள்ளவர் எழுதிய மதிப்பீடும் வரித்துறையின் 8283 படிவமும் கட்டாயம். கலைப்பொருளின் மொத்தம் 20,000 டாலரோ அதற்கு மேலோ என்றால் முழு மதிப்பீட்டு அறிக்கையையும் இணைக்க வேண்டும். நன்கொடைத் தேதிக்கு 60 நாளுக்கும் முன்னதாக எழுதிய அறிக்கை ஏற்கப்படாது. அறிக்கையில் கலைஞர், தலைப்பு, அச்சு முறை, பட்டியல் எண்ணும் நிலையும், இரண்டு அளவுகள், தாளும் நீர்க்குறியும், குறைகள், ஒப்பிட்ட விற்பனைகள், எந்த வகை மதிப்பு, எந்தத் தேதியில் என்பவை எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். 'பழைய எட்சிங், நல்ல நிலை, 1,200 டாலர்' என்று ஒரே வரியில் வரும் தாளைக் காப்பீட்டு நிறுவனமே திருப்பி அனுப்பிவிடும்.